நிரம்பாத தொட்டிகளின் ஊர்

பதினாலாவது கூட்டத்துக்கு நாற்பத்தோரு பேர் வந்திருந்தார்கள். அதில் முப்பது பேர் வெயிலுக்கு ஒதுங்கியவர்கள். ஆறு பேர் அதே மண்டபத்தில் அடுத்து நடக்கவிருந்த நிச்சயதார்த்தத்துக்கு முன்கூட்டியே வந்துவிட்டவர்கள். மீதி ஐந்து பேர் என்னைத் திட்டுவதற்காகவே வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். அந்த ஐந்து பேர் மேல்தான் எனக்கு மரியாதை.

என் பெயர் கோமதிநாயகம். வெள்ளிமுனைப் பாதாளச் சாக்கடைத் திட்டத்தின் பொதுமக்கள் இணக்க அலுவலர். திருநெல்வேலியில் எங்கள் தெருவில் கேட்டால் என் மனைவி "அவங்க கவர்மெண்டுல மக்கள் தொடர்பு" என்பாள். சாக்கடையை அவள் கவுரவமாக விழுங்கிவிடுவாள்.

என் வேலை கேட்க எளிது. பக்கத்து இரண்டு ஊர்களில் குழாய் பதித்து, சுத்திகரிப்பு நிலையம் கட்டி, திறப்பு விழாவும் நடத்தி, ஒரு வீடுகூட இணைப்பு வாங்காமல் எல்லாம் துருப்பிடித்துப் போன பிறகு அரசு ஒரு சட்டம் போட்டது. ஊரில் மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் ஓட்டுப் போட்டுச் சம்மதித்தால்தான் மண்வெட்டி மண்ணில் படலாம். ஓட்டு தோற்றால் ஐந்து வருடம் அந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. அறுபத்தேழு சதவீதம் வேண்டும். பதினாலு மாதம் நான் தொண்டை வறளப் பேசிச் சேர்த்து வைத்திருந்தது இருபத்தொன்பது.

"சார், ஒரு நிமிசம்" என்று எழுந்தார் கித்தேரியான். அந்தோணியார் தெருவில் வலைக்கடை வைத்திருப்பவர். "எங்க வீட்டு செப்டிக் டேங்க் இருபத்தாறு வருசமா நிரம்பினதே இல்ல. அள்ளுறதுக்கு ஒரு தடவ லாரி வந்ததில்ல. உம்ம வீட்டுல எப்படி?"

"எங்க வீட்டுல மூணு வருசத்துக்கு ஒரு தடவை லாரி வரும்" என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

மண்டபமே சிரித்தது. நிச்சயதார்த்தப் பெண்ணின் மாமாகூட.

இதை விளக்க வேண்டும். வெள்ளிமுனையில் நிரம்பாத தொட்டி என்பது குடும்ப கவுரவம். பெண் பார்க்க வருகிறவர்களிடம் "மச்சு வீடு, நல்ல தண்ணிக் கிணறு, நிரம்பாத தொட்டி" என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். இந்தப் பெருமையை ஊருக்குத் தந்தவர் சூசை கொத்தனார். அவர் இப்போது இல்லை. அவர் கட்டிய இருநூற்றுச் சொச்சம் தொட்டிகள் இருக்கின்றன. அவருடைய தொழில் ரகசியம் ஒன்றுதான்: நாலு பக்கமும் செங்கல் வைத்துப் பூசுவார், அடியில் காங்கிரீட் போடமாட்டார். கடற்கரை மணல். எவ்வளவு ஊற்றினாலும் குடிக்கும். குடித்ததை எங்கே கொண்டுபோகிறது என்று யாரும் கேட்கவில்லை. பதினைந்தடி தள்ளி அந்த வீட்டுக் கிணறு இருக்கும். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக் கிணறு இருக்கும். நகராட்சிக் குழாயில் எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் ஊரில், இனிக்கிற கிணற்றுத் தண்ணீர்தான் இரண்டாவது பெருமை.

"நிரம்பலைன்னா அது ஓட்டைன்னு அர்த்தம்" என்றேன். இருநூறாவது தடவை.

"ஓட்டையா?" என்றது ஒரு குரல். மைக் வேண்டாத குரல். டெல்பின் மச்சாது. துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுகிற பெண். வயது முப்பத்து மூன்று. புருஷன் ஆழ்கடல் படகில் போனால் இருபது நாளைக்கு வரமாட்டான். இடுப்பில் ஒன்றரை வயது மகள் மிக்கேலா, அம்மா கத்தும்போதெல்லாம் தானும் ஒரு கத்து கத்துவாள். முக்கியமான விஷயம், டெல்பின் சூசை கொத்தனாரின் மருமகள். "எங்க மாமனாரு தொழில ஓட்டைங்கிறீயளா சார்?"

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா..."

"உம்ம குழாயில போறது கடைசில எங்க போகும்?"

"சுத்தம் பண்ணித்தான்..."

"நாங்க மீனச் சுத்தம் பண்ணுதவிய. சுத்தம் பண்ணினா கழிவு எங்கனயாவது போயித்தான ஆகணும்? அது எங்கன போகுதுன்னு காட்டும். பொறவு ஓட்டப் பத்திப் பேசுவோம்."

கைதட்டல். மிக்கேலா ஒரு கத்து. கூட்டம் முடிந்தது. நிச்சயதார்த்த வீட்டார் பாவம் பார்த்து எனக்கு ஒரு லட்டு கொடுத்தார்கள்.

*

எங்கள் அலுவலகம் பழைய ஐஸ் ஃபாக்டரியின் மாடி. அங்கேதான் நிழலூர் இருந்தது.

நிழலூர் என்பது வெள்ளிமுனையின் நகல். கணினிக்குள் பதினெட்டாயிரம் நிழல் மனிதர்கள். ஒவ்வொருவருக்கும் வீடு, கிணறு, சண்டை, கடவுள், காய்ச்சல். நிஜ ஊரில் ஒரு பிரசாரத்தைச் செய்வதற்கு முன்னால் நிழலூரில் ஓட்டிப் பார்க்கலாம். அதை ஓட்டியவன் எபனேசர். பாளையங்கோட்டைக்காரன், மேஜையில் எப்போதும் முறுக்குப் பொட்டலம்.

"இதுல இருக்கிற டெல்பின் அக்காவுக்கு நிஜ அக்காவ விட உங்க மேல கொஞ்சம் மரியாதை கூடுதலா இருக்கு சார்" என்றான், நான் லட்டோடு உள்ளே நுழைந்தபோது. "சரி பண்ணிடுதேன்."

"இருக்கட்டும் விடுப்பா. எங்கயாவது ஒரு இடத்துல இருந்துட்டுப் போகட்டும்."

அதுவரை நானூற்றுப் பன்னிரண்டு பிரசாரங்களை நிழலூரில் ஓட்டியிருந்தோம். நடிகரை வரவழைத்தோம். பங்குத்தந்தையைப் பிரசங்கத்தில் பேசவைத்தோம். இலவச டைல்ஸ் கொடுத்தோம். அதிகபட்சம் முப்பத்தெட்டு. குறைந்தபட்சம் பதினெட்டு, எலி வேஷம் போட்ட ஆள் தெருத்தெருவாகப் போய்ப் பாட்டுப் பாடுகிற அந்தப் பிரசாரம் என் யோசனை.

எபனேசர் முறுக்கை எடுக்கவில்லை. அப்போதுதான் ஏதோ சரியில்லை என்று பட்டது.

"மத்தியானம் சாப்பிடப் போகையில ஒரு பிரசாரமும் போடாம சும்மா ஓடவிட்டுட்டுப் போனேன் சார். வந்து பாத்தா டிசம்பர்ல எழுபத்தொண்ணு."

"எழுபத்தொண்ணா! என்னத்தச் செஞ்சே?"

"ஒண்ணும் செய்யல. அதான் சொல்லுதேன். மழை பெய்யுது. தொட்டிக்கும் கிணத்துக்கும் நடுவுல இருக்கிற மணல் ஊறிருது. அந்தோணியார் தெருவுல காலரா." திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "மூணு சாவு. ஒரு பெரியவர், ரெண்டு பிள்ளை. அதுக்கப்புறம் எல்லாரும் சம்மதிச்சிருதாங்க."

எனக்கு எழுபத்தொன்று என்ற எண்ணின் சந்தோஷம் முகத்தில் இன்னும் மிச்சமிருந்தது. அதைத் துடைத்துக்கொள்ள நேரமாயிற்று. அதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

"எந்தப் பிள்ளைங்க?"

"இருநூறு தடவ ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் ஆள் மாறுது. ஆனா ஒரு வீடு மட்டும் பத்துக்கு நாலு தடவ வருது. டெல்பின் அக்கா வீடு. மிக்கேலா."

நிழல்களோடு பேசலாம். நான் எபனேசரை நகரச் சொல்லிவிட்டு, அந்த டிசம்பரில் இருக்கிற டெல்பினைக் கூப்பிட்டேன். திரையில் முகம் கிடையாது, குரல் மட்டும். வழக்கமாக நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிடுவாள். அன்றைக்கு நான்தான் ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

"டெல்பின், நான் கோமதிநாயகம். பாதாளச் சாக்கடை விஷயமா..."

"எங்க கையெழுத்துப் போடணும் சார்?" என்றது நிழல்.

பதினாலு மாதமாக அந்தப் பெண்ணிடமிருந்து நான் கேட்க ஏங்கிய வாக்கியம். கணினியை அணைத்தேன். தவறான பொத்தானை அழுத்தி மின்விசிறியும் நின்றுபோனது.

*

செயற்பொறியாளர் தாட்சாயணி மேடத்துக்கு அந்த விஷயம் எனக்கு முன்பே தெரிந்திருந்தது.

"ஓட்டு டிசம்பர் பதினெட்டு. தேதி குறிச்சாச்சு" என்றார்.

"மேடம், அது தெரிஞ்சேவா?"

"உக்காருங்க." அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். துருப்பிடித்துப் போன அந்த இரண்டு நிலையங்களையும் கட்டியவர் அவர். தினம் அந்த வழியாகத்தான் அலுவலகம் வருகிறார். "இப்ப ஓட்டு வச்சா தோத்துருவோம். அஞ்சு வருஷம் காத்திருக்கணும். அந்த அஞ்சு வருஷத்தையும் ஓட்டிப் பார்த்தேன். பத்தொன்பது பேர்."

"லாரியில நல்ல தண்ணி கொடுக்கலாமே. குளோரின் போடலாமே."

"அதையும் ஓட்டியாச்சு. இந்த மழையில யாரும் சாகல. டிசம்பர்ல பழையபடி தோல்வி. திட்டம் போயிடுது, திட்டத்தோட பணமும் போயிடுது, லாரியும் போயிடுது. அடுத்த மழைக்கு யார் உத்தரவு போடுவா? நீங்களா?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நாம எதையும் செய்யல மிஸ்டர் கோமதிநாயகம். தேதி மட்டும்தான் குறிக்கிறோம். மூணா, பத்தொன்பதா? நீங்க சொல்லுங்க."

நான் பத்தாம் வகுப்பில் கணக்கில் ஃபெயில் ஆனவன். அதற்காக முதல்முறையாக அன்றைக்குத்தான் நன்றி சொன்னேன்.

"ஐப்பசிக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அதுக்குள்ள நான் அறுபத்தேழு கொண்டுவந்துட்டா? அப்ப லாரித் தண்ணி கொடுக்கலாம்லா?"

"கொண்டுவாங்க" என்றார் மேடம். கேலி இல்லை. கிட்டத்தட்டக் கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

*

நானூற்றுப் பதின்மூன்றாவது பிரசாரத்தை நிழலூரில் ஓட்டிப் பார்க்கவில்லை. நேரே டெல்பின் வீட்டுக்குப் போனேன், கையில் ஒரு பாட்டில் பச்சைச் சாயத்தோடு. உடம்புக்குக் கெடுதல் இல்லாத சாயம். தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று பார்க்க உலகமெல்லாம் பயன்படுத்துவது.

"அன்னைக்கு எங்க போகுதுன்னு காட்டச் சொன்னீங்கல்லா? காட்டுதேன். இதை உங்க கக்கூஸ்ல ஊத்துறேன். உங்க தொட்டி நல்ல தொட்டின்னா பச்சை எங்கயும் வராது."

"வந்தா?"

"வந்தா எனக்கு ஓட்டு."

"ஊத்தும்" என்றாள். "எங்க மாமனாரு தொட்டியில இருந்து பச்ச வெளிய வந்தா நான் மீச வைக்கேன்."

தெருவே கூடி நின்று பார்க்க ஊற்றினேன். அதன்பின் தினமும் காலையில் அவள் வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தேன். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் ஒன்றுமில்லை. நாலாம் நாள் எனக்கு டீ கொடுக்கிற அளவுக்கு டெல்பின் சந்தோஷமாக இருந்தாள். அந்த டீயை நான் கையில் பிடித்துக்கொண்டு, குடிக்காமல் நடித்த நடிப்புக்கு ஒரு பட்டமே கொடுக்கலாம்.

ஐந்தாம் நாள் காலை கூச்சல் கேட்டு ஓடினேன். கித்தேரியான் தன் வீட்டு வாசலில் வாளியோடு நின்றார். வாளியில் தண்ணீர் கிளிப்பச்சை.

"பாருங்க! பாருங்க எல்லாரும்!" என்று நான் குதித்தேன். என் வாழ்நாளில் அசிங்கத்தைக் கண்டு குதித்த ஒரே தருணம். "நான் சொன்னேன்லா! தொட்டியில ஊத்தினது கிணத்துக்கு வந்திருக்கு!"

ஊர் என்னைப் பார்க்கவே இல்லை.

"ஏட்டி டெல்பின்!" என்றார் கித்தேரியான். "உங்க வீட்டுப் பீயத்தான் நாங்க இம்புட்டு நாளும் குடிச்சோமா?"

"உம்ம கெணறு எங்க தொட்டியப் பாத்து நீட்டிக்கிட்டு நின்னா நான் என்ன செய்ய? எங்க கெணத்துல வரலியே! எங்க தொட்டி எங்களுக்குத் துரோகம் பண்ணல!"

"ஒங்க மாமனாரு அடியில சிமிண்டு போட்டிருந்தா..."

"செத்த மனுசனப் பத்திப் பேசாதயும்! உம்ம தொட்டி யாரு கட்டினது? அதுக்கு அடியில சிமிண்டு இருக்கா? அது யாரு வீட்டுக்குப் போகுதுன்னு பாப்பமா?"

அதையும் பார்க்க வேண்டும் என்று தெரு முழுவதும் என்னிடம் சாயம் கேட்டது. கொடுக்க மறுத்தேன். அவர்களே கடையில் துணிச்சாயம் ஆளுக்கொரு நிறம் வாங்கி ஊற்றிக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் அந்தோணியார் தெருவில் யாருக்கும் யாரோடும் பேச்சுவார்த்தை இல்லை. எல்லாருக்கும் ஒரே கருத்து: என் தொட்டி நல்ல தொட்டி, பக்கத்து வீட்டுத் தொட்டியை மூட வேண்டும்.

"இருபத்திரண்டு சார்" என்றான் எபனேசர். இருபத்தொன்பதிலிருந்து. ஏழு சதவீதத்தை ஒரு பாட்டிலால் கரைத்த என்னை அவன் கிட்டத்தட்ட வியப்போடு பார்த்தான்.

"டிசம்பர்?"

"அது மாறல. எழுபத்தொண்ணுதான். இந்தச் சண்ட எல்லாம் அன்னைக்கு முடிஞ்சிருது."

தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று துண்டறிக்கை அடித்தேன். அதில் மீன் பொட்டலம் கட்டினார்கள். காய்ச்சிக் குடிப்பது என்றால் கிணற்றைக் கேவலப்படுத்துவது. அதற்குப் பேசாமல் தொட்டி நிரம்பிவிட்டது என்றே ஒப்புக்கொள்ளலாம்.

ஐப்பசி பிறக்க ஒன்பது நாள் இருந்தது.

*

ஏலக்கூடத்தில் காலை ஏழு மணி. டெல்பின் ஒரு கூடை மேல் ஏறி நின்று விலை கூறிக்கொண்டிருந்தாள். மிக்கேலா ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து ஒரு ஐஸ் கட்டியை நக்கிக்கொண்டிருந்தாள். அந்த ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று நினைத்தபோது என் கால்கள் என்னைக் கேட்காமலே முன்னால் போய்விட்டன.

"டெல்பின், மழை முடியற வரைக்கும் பிள்ளைக்குக் காய்ச்சின தண்ணி கொடுங்க."

"சோலி நேரத்துல வந்துட்டாரு. தள்ளும் சார்."

"நான் இதைச் சொல்லக் கூடாது. சொன்னா வேலை போயிரும். எங்க மிஷின் இருக்குல்லா... அதுல..." பதினாறு மாதம் பேசியே பிழைத்தவன், வாக்கியத்தைப் புதிதாகத் தொடங்கினேன். "அதுல உங்க பிள்ளை செத்துப் போகுதும்மா. இந்த மழையில. பத்து தடவ ஓட்டினா நாலு தடவ."

ஏலம் நின்றது. அவள் கூடையிலிருந்து இறங்கினாள். என் சட்டைக் காலரைப் பிடித்தாள். இன்னொரு கையால் குழந்தையைத் தூக்கினாள். துறைமுகத்திலிருந்து அந்தோணியார் தெரு வரை அரைக் கிலோமீட்டர் இருக்கும். அவ்வளவு தூரமும் அப்படியே நடத்திக்கொண்டு போனாள்; பின்னால் ஏலக்கூடமே வந்தது.

"இப்பச் சொல்லும்" என்றாள், தெரு நடுவில் நிறுத்தி. "எல்லாருக்கும் கேக்க."

சொன்னேன். மழை, மணல், கிணறு. இந்தத் தெருவில் மூன்று பேர். அதில் இரண்டு பிள்ளைகள்.

"யாரு யாரு?" என்றார் கித்தேரியான். அவருக்கு இரட்டைப் பேரன்கள். "பேரச் சொல்லும்."

"சொல்ல மாட்டேன்."

"டெல்பின் பேரச் சொன்னீருலா?"

"அது ஒண்ணுதான் சொல்லுவேன். மத்தது சொல்ல மாட்டேன்."

"சாபம் போடுதான்யா!" என்று யாரோ கத்தினார்கள். ஒரு சாளை மீன் என் காதை உரசிக்கொண்டு போனது. விலை கூடின சீலா மீனை யாரும் எறியமாட்டார்கள். ஊரில் என் மதிப்பு சாளை அளவில்தான் இருந்தது. இரண்டாவது மீன் சரியாகப் பட்டது.

மறுநாள் பேருந்து நிலையச் சுவரில் என் படத்தோடு சுவரொட்டி: "பச்சிளம் குழந்தைகளுக்குச் சாபமிட்ட அதிகாரியே வெளியேறு." படம் நன்றாக வந்திருந்தது. கலெக்டர் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. மேடம் என்னைக் கூப்பிடவே இல்லை. எபனேசர் மட்டும் மெதுவாகக் கேட்டான்:

"நிழலூர்ல எல்லாரையும் போட்டேன் சார். நீங்க ஊர்க்காரர் இல்லைன்னு உங்களப் போடாம விட்டுட்டேன். இப்பப் போடட்டா?"

"வேண்டாம். அந்த ஊராவது நிம்மதியா இருக்கட்டும்."

*

மழை பதினோரு நாள் பெய்தது. கிணறுகள் வாய் வரை நிரம்பி, தெருத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் ஒன்றாயின. நான் குடை பிடித்துக்கொண்டு, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு அந்தோணியார் தெருவில் நடந்தேன். அடையாளம் தெரிந்தால் இந்த முறை வாலில் முள் உள்ள திருக்கை வரும் என்று பயம்.

வீட்டுக்கு வீடு அடுப்பில் பெரிய அலுமினியச் சட்டி. தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

"என்னக்கா, காய்ச்சுதியளா?" என்று ஒரு பெண் எதிர்வீட்டுக்காரியைக் கேட்டது காதில் விழுந்தது. பச்சைக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சாக இருக்கலாம்.

"சீச்சீ, குளிக்கச் சுடுதண்ணி. நீ?"

"நானும் குளிக்கத்தான்."

அந்த ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வெள்ளிமுனைக்காரர்கள் குளித்த குளியலுக்கு ஊரே பளபளத்திருக்க வேண்டும். யார் வீடு என்று தெரியாததால் ஒவ்வொரு வீடும் காய்ச்சியது. யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒன்பது பேர் வயிற்றுப்போக்கோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நான் ஒவ்வொரு நாளும் அந்த வாசலில் போய் நின்றேன். ஒன்பது பேரும் நடந்து வெளியே வந்தார்கள்.

டிசம்பர் பதினெட்டு ஓட்டு நடந்தது. முப்பத்து நாலு சதவீதம். திட்டம் தோற்றது.

மேடம் மாறுதல் உத்தரவை அவரே கொண்டுவந்து கொடுத்தார். மலை மேல் ஒரு ஊர். "அங்க எல்லாம் தானாவே கீழ ஓடிரும். உங்களுக்கு வேலை இருக்காது" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "பத்தொன்பது" என்றார். நான் உத்தரவை மடித்துப் பையில் வைத்தேன். வாசல் வரை போனவர் நின்றார்.

"அந்தக் குழந்தை பேர் என்ன?"

"மிக்கேலா."

"ம்" என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

எபனேசர் இயந்திரங்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தான். திட்டம் முடிந்தால் நிழலூரும் முடிந்தது. பதினெட்டாயிரம் பேரும் ஒரு பொத்தானில் போய்விட்டார்கள். என் மேல் மரியாதை கூடுதலாக வைத்திருந்த டெல்பினும்.

*

பேருந்து நிலையத்தில் என் சுவரொட்டிக்குக் கீழேயே நின்றிருந்தேன். வேறு இடத்தில் நிழல் இல்லை. டெல்பின் குழந்தையோடு வந்தாள்.

"பாத்தீயளா சார்?" மிக்கேலாவை என் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள், ஏலத்தில் மீனைக் காட்டுவது போல. "என் பிள்ளைக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. உம்ம மிஷின் பச்சப் பொய்."

"ஆமா, பொய்தான்" என்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் ஒப்புக்கொண்டதில்லை. குழந்தை என் மூக்கைப் பிடித்து இழுத்தாள்.

"நான் வேண்டாம்னுதான் ஓட்டுப் போட்டேன். தொட்டி நல்லாத்தான இருக்கு."

"தெரியும்மா."

அவள் போகவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தாள். ஏலக்குரல் இறங்கி, எனக்கு மட்டும் கேட்கிற குரல் வந்தது. அந்தக் குரல் அவளிடம் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

"அடுத்த ஐப்பசிக்கும் லிஸ்டு வருமா சார்?"

இயந்திரங்கள் ஏற்றிய லாரி அப்போது பாலத்தைத் தாண்டியிருக்கும்.

"வரும்" என்றேன்.

"எங்க வீடு இருக்குமா?"

"இருக்கும்."

"வேற யாரு?"

"சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேண்டாம். மழைக்கு முந்தி எங்க வீடு இருக்கான்னு மட்டும் போனப் போட்டுச் சொல்லிரும். தெருவுல தெரிய வேண்டாம்." என் எண்ணை வாங்கிக்கொண்டாள். "இல்லைன்னா கேஸ் வீணுலா. சும்மா எதுக்குக் காய்ச்சணும்?"

அவள் அந்தப் பக்கம் போனதும், டீக்கடை மறைவிலிருந்து கித்தேரியான் வந்தார். எனக்கு வழியனுப்ப வந்த மாதிரி கையைப் பிடித்துக் குலுக்கினார். பிடித்த கையை விடாமல் அதையே கேட்டார். அவருக்கும் சொன்னேன்: உங்க வீடு இருக்கு, வேற யாருன்னு சொல்ல மாட்டேன். அவருக்கும் எண் கொடுத்தேன். அவருக்குப் பின்னால் இன்னொருவர், செருப்புத் தைக்கக் கொடுக்க வந்தவர் போல நின்றுகொண்டிருந்தார்.

பேருந்து கிளம்பிய பிறகும் கைபேசி ஓயவில்லை. எண்ணை யார் யாருக்குக் கொடுத்தார்களோ, ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் கேட்பதாக நினைத்துக் கேட்டார்கள். உப்பளங்களைத் தாண்டுவதற்குள் பதினேழு வீடு. பதினேழு பேருக்கும் ஒரே பதில். பழைய ரசீதின் பின்பக்கத்தில் பெயரும் எண்ணும் எழுதிக்கொண்டே வந்தேன். அடுத்த ஐப்பசி, அதற்கடுத்தது, ஐந்து ஐப்பசி. இருநூற்றுச் சொச்சம் தொட்டிகள்.

பக்கத்து இருக்கைக்காரர் வெகுநேரம் கேட்டுக்கொண்டே வந்தார். பதினெட்டாவது அழைப்பை வைத்ததும் கையை என் முன்னால் நீட்டினார்.

"சார், நீங்க ஜோசியரா?"

"இல்ல" என்றேன். "பாதாளச் சாக்கடை."

அவர் கையை இழுத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். கைபேசி மறுபடி அடித்தது.